பதினொரு நிமிடக் கைதட்டல்

என் மகள் முதன்முதலாக நடந்ததை நான் பார்க்கவில்லை. பார்த்துவிட்டதாக நினைத்துக்கொண்டு ஒரு மணி நேரத்துக்கு மேல் சந்தோஷமாக இருந்தேன். அந்த ஒரு மணி நேரத்தை இன்றைக்கு நினைத்தாலும் என்னை நானே அறைந்துகொள்ளலாம் போலிருக்கிறது.

அப்போது நான் நிலவின் பின்பக்கத்தில் இருந்தேன். பூமியிலிருந்து யார் கண்ணிலும் படாத பக்கம். ஒரு பெரிய ஆன்டெனா, அதன் அடியில் மண்ணுக்குள் புதைத்த நான்கு அறைகள், மூன்று ஆட்கள். நிலையத் தலைவி ரெஜினா மேடம், நாகர்கோவில்காரர். சாப்பாடு, காற்று, தண்ணீர் எல்லாவற்றையும் பார்த்துக்கொள்கிற நைனார் முகம்மது, காயல்பட்டினம். தொடர்பு இணைப்புக்கு நான், வேலாயுதம், கோவில்பட்டி. வியாழனின் துணைக்கோளான யூரோப்பாவில் இறங்கப்போகிற ‘ஆம்பல்’ என்ற விண்கலம் சொல்வதை வாங்கி, நிலவைச் சுற்றும் செயற்கைக்கோள் வழியாகப் பூமிக்கு அனுப்பிவைப்பது எங்கள் வேலை.

பொற்கொடி பிறந்த நாற்பத்தோராம் நாள் நான் கிளம்பினேன். வீட்டில் அவள் பவுனு. பிறக்கும்போதே இரண்டு பாதங்களும் உள்பக்கமாக மடங்கியிருந்தன. மாவுக்கட்டு, ஆபரேஷன், மறுபடி மாவுக்கட்டு என்று ஒன்றரை வயதுவரை அந்தக் கால்கள் வெளிச்சம் பார்த்தது கொஞ்ச நாள்தான். கடைசிக் கட்டைப் பிரிக்கும் முன் டாக்டர் என் மனைவி தங்கமாரியிடம், “நடக்கலாம், நடக்காமலும் போகலாம். கட்டைப் பிரிச்சதும் அவளா ஆசைப்பட்டு ஓர் அடி வச்சா தப்பிச்சோம்” என்று சொல்லியிருந்தார்.

ஆசைப்படுத்துகிற வேலை என்னுடையது. தினமும் அரை மணி நேரம் வீட்டுக்குப் பேச எனக்கு அனுமதி உண்டு. கூடத்துத் திரையில் என் முகம் தெரிந்ததும் பவுனு சோபாவைப் பிடித்து எழுந்து நிற்கப் பார்ப்பாள். நான் இரண்டு கைகளையும் விரித்து, “வா... வா... அப்பா இருக்கேன்ல” என்பேன். கட்டோடு ஒரு விரற்கடை நகர்ந்தாலும் கை தட்டி, “அவ்வளவுதான், வந்துட்ட!” என்பேன். வேறு யார் கூப்பிட்டாலும் அவள் அசைவதில்லை. எனக்கு அதில் பெருமை பிடிபடாது.

என் மாமனார் போக்குவரத்துக் கழகத்தில் டைம் கீப்பராக இருந்து ஓய்வு பெற்றவர். ஒருநாள் திரைக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்து கேட்டார்.

“மாப்ள, நெலாவுல இருந்து பேசுறீங்க. அடுத்த தெருவுல இருந்து பேசுற மாதிரில்ல இருக்கு?”

“நடுவுல ரெண்டரை விநாடி தாமதம் இருக்கு மாமா. அதை நிரப்பின்னு ஒரு மென்பொருள் அடைச்சிரும். நான் இதுவரைக்கும் பேசுனது சிரிச்சது எல்லாத்தையும் அது பார்த்து வச்சிருக்கு. அடுத்து நான் என்ன செய்வேன்னு கணிச்சு என் முகத்தை அதுவே வரையும். நிஜம் வந்து சேர்ந்ததும் வரைஞ்சதைத் தூக்கிப் போட்டுட்டு நிஜத்தைக் காட்டும்.”

“நிஜம் வராமப் போயிட்டா?”

“வர்ற வரைக்கும் வரைஞ்சுக்கிட்டே இருக்கும். மூணு விநாடிக்கு மேல போச்சுன்னா மூலையில மஞ்சப் புள்ளி எரியும். அதை வச்சுக் கண்டுக்கலாம்.”

மாமனார் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். “பஸ்ஸு வராமலே வந்துட்டதா எழுதுற மாதிரில்ல இருக்கு” என்றார். நான் சிரித்தேன்.

அதே நிரப்பிதான் ஆம்பலின் படத்துக்கும். படம் விட்டுவிட்டு வந்தால் தலைமையகத்துப் பெரியவர்களுக்குப் பிடிக்காது. தொலைக்காட்சியில் நாடே பார்க்கும்போது திரை இருண்டால் யார் பதில் சொல்வது?

கட்டுப் பிரித்த மறுநாள், செவ்வாய்க்கிழமை, தங்கமாரி சொன்னாள்: “நாளைக்குக் காலையில ஒன்பதே காலுல இருந்து பத்தே காலுக்குள்ள நடக்க வைக்கணுமாம். அப்பா நேரம் பார்த்துட்டாரு.”

ஆம்பல் தரை தொட்ட செய்தி எங்களுக்கு வந்து சேர வேண்டிய நேரம், புதன்கிழமை காலை ஒன்பது ஐம்பத்திரண்டு.

“நாளைக்குக் காலை ஆறு மணியில இருந்து சொந்த அழைப்பு கிடையாது தங்கம். தரையிறங்கின பிறகும் ஒன்பது நாளைக்குக் கிடையாது. ஒரு பத்து நாள் பொறுங்களேன்.”

“பத்து நாள் அந்தக் கால வெறுமனே போட்டு வைக்க டாக்டர் விடமாட்டாரு. நாளைக்கு நிக்க வச்சே ஆகணும். நீங்க இல்லாம அவ நிக்கமாட்டா. தெரியும்ல?”

“இன்னிக்கே பாப்போமே. இப்பவே.”

மாமனாரின் குரல் பின்னாலிருந்து வந்தது. “இன்னிக்குச் செவ்வாக்கெழம மாப்ள. கால் காசு பெறாத நாளு.”

“அப்ப நாளைக்குப் பத்தரைக்கு மேல? எங்க வேலை முடிஞ்சிரும். எப்படியாவது அஞ்சு நிமிஷம் கெஞ்சி வாங்குறேன்.”

“பத்தரைக்கு மேல குளிகை. குளிகையில செய்யிறது திரும்பத் திரும்ப நடக்கும்.”

“நல்லதுதானே மாமா? திரும்பத் திரும்ப நடப்பா.”

“விழுந்துட்டா?”

இரண்டு கிரகங்கள் தள்ளிப் பனிப்பாறையில் ஒரு கலத்தை இறக்குகிற கூட்டத்தில் நானும் ஒருவன். ராகு காலம், குளிகை எல்லாம் வெறும் கணக்கு என்று நைனாரிடம் மணிக்கணக்காகப் பேசியிருக்கிறேன். ஆனால் ‘விழுந்துட்டா?’ என்று அவர் கேட்டதும் அந்த நேரத்துக்கே ஒப்புக்கொண்டுவிட்டேன்.

புதன்கிழமை ஒன்பதரை மணிக்கு ஆன்டெனாவிலிருந்து எங்கள் திரைக்கும் பூமிக்கும் படம் போகிற ஆம்பலின் இணைப்பில் ஒரு மெல்லிய ஓரத்தை வெட்டி வீட்டு அழைப்பை நுழைத்தேன். இணைப்பில் நெரிசல் வந்தால் மேடத்தின் திரையில் மஞ்சள் புள்ளி சிமிட்டும், என்ன ஏது என்று கேட்பார். அதனால் புள்ளியை அணைத்தேன். அதற்கான சுவிட்ச் நிலையம் முழுவதற்கும் ஒன்றுதான் என்பதும், வீட்டுத் திரை, ஆம்பலின் திரை, தலைமையகத்துக்குப் போகும் படம் எல்லாவற்றிலும் புள்ளி அணையும் என்பதும் எனக்கு நன்றாகத் தெரியும். கொஞ்ச நேரம்தானே என்று நினைத்தேன்.

பெரிய திரையில் யூரோப்பாவின் பனி நெருங்கிக்கொண்டிருந்தது. மேசைக்கு அடியில் என் முழங்காலுக்கு எதிரே இருந்த சின்னத் திரையில் பவுனு மஞ்சள் கவுனில் நின்றாள். ஒரு கண் மேலே, ஒரு கண் கீழே. ஒன்பது ஐம்பதுக்கு அவள் காலைத் தூக்கினாள். ஒன்று, இரண்டு, மூன்று... ஏழு அடி. தள்ளாடவே இல்லை. நேராகத் திரைக்கு வந்து கையை வைத்துச் சிரித்தாள். நான் சத்தம் வராமல் வாயைப் பொத்திக்கொண்டு மேலே நிமிர்ந்தேன். ஆம்பல் நான்கு கால்களையும் ஊன்றி, பனியில் தூசு பறக்க, அழகாக நின்றது.

“இறங்கிடுச்சு!” என்று ரெஜினா மேடம் கத்தினார். தலைமையகத்தில் எல்லோரும் ஒருவரையொருவர் கட்டிக்கொண்டார்கள். தலைவர் ஒலிபெருக்கியைப் பிடித்து, “இது நம் நாடு என்னும் குழந்தை எடுத்து வைத்த முதல் அடி” என்றார். மேடைப் பேச்சுக்காரர்களுக்கு எதைச் செய்தாலும் முதல் அடிதான். ஆனால் அன்றைக்கு எனக்கு அழுகையே வந்துவிட்டது. வீட்டு அழைப்பை என் பக்கத்தில் துண்டித்துவிட்டு, சமையலறைக்குப் போய் நைனாரின் காதில் மட்டும் விஷயத்தைச் சொன்னேன்.

“வேலண்ணே, ரெண்டு பேரும் ஒரே நேரத்துல காலை ஊணிட்டாங்களா!” என்று அவர் என்னைத் தூக்கிச் சுற்றினார். நிலவில் அது பெரிய பாடில்லை. ஒளித்து வைத்திருந்த முந்திரி, நெய் எல்லாவற்றையும் எடுத்துக் கேசரி கிண்டினார். திட்டப்படி ஆம்பல் மதியம் இரண்டு மணிவரை பேசாது, தன்னைச் சூடாக்கிக்கொள்ளும். எங்களுக்கும் வேலை இல்லை. மூவரும் கேசரி தின்றோம்.

பதினொன்று ஐந்துக்கு என் அஞ்சல் பெட்டியில் ஒரு குரல் பதிவு வந்து விழுந்தது. தங்கமாரி. காதில் வைத்துக்கொண்டு சிரித்த முகமாகத்தான் கேட்க ஆரம்பித்தேன்.

“என்னங்க, உங்களுக்கு என்ன ஆச்சு? மூணு அடி வச்சா. நானே எண்ணுனேன். நாலாவது அடியில கால் மடங்கி, அந்தத் திரை ஸ்டாண்டு மேல மூஞ்சி அடிச்சு விழுந்துட்டா. ஒதடு கிழிஞ்சு கவுன் பூரா ரத்தம். நான் ‘ஏங்க, ஏங்க’ன்னு கத்துறேன், நீங்க பாட்டுக்குக் கை தட்டிச் சிரிக்கிறீங்க. ‘அவ்வளவுதான், வந்துட்ட’ங்கிறீங்க. புள்ள ரத்தத்தோட உங்களையே பார்த்துக்கிட்டுக் கெடந்துச்சு. அப்பா தாங்கமாட்டாம திரை மேல துண்டைப் போட்டு மூடிட்டாரு. மஞ்சள் வச்சும் ரத்தம் நிக்கல, இப்ப தையல் போட ஆஸ்பத்திரிக்குப் போறோம். இப்படியும் ஒரு மனுசன் இருப்பானா?”

முதலில் எனக்குக் கோபம்தான் வந்தது. ஏழு அடி நடந்தாளே, விழவில்லையே, என் கண்ணால் பார்த்தேனே! இரண்டாவது முறை கேட்டேன். நான் கை தட்டவே இல்லை. வாயைப் பொத்திக்கொண்டு மேலே அல்லவா பார்த்தேன்.

ஆன்டெனாவின் பதிவுப் பெட்டியைத் திறந்தேன். ஆன்டெனாவின் காதில் விழுந்ததையும் இணைப்பில் போனது வந்ததையும் ஒன்றுவிடாமல் எழுதி வைக்கிற பெட்டி அது. ஒன்பது நாற்பத்தேழிலிருந்து ஒன்பது ஐம்பத்தெட்டு வரை, பதினொரு நிமிடம், இணைப்பு அடைத்துக் கிடந்திருக்கிறது. அடைத்தது என் வீட்டு அழைப்பு. அந்தப் பதினொரு நிமிடமும் நான் பார்த்த பவுனுவை நிரப்பி வரைந்தது. அவர்கள் பார்த்த என்னையும் அதுதான் வரைந்தது. என் மகள் நிஜமாகவே நடந்திருக்கிறாள். அவளைக் கூப்பிட்டது நான் இல்லை.

அப்போதுதான் அடுத்த நினைப்பு வந்தது. ஒன்பது ஐம்பத்திரண்டும் அந்தப் பதினொரு நிமிடத்துக்குள்தான் இருந்தது.

ஆம்பல் சொன்னது பெட்டியில் அப்படியே இருந்தது. ஒரு கால் விரியவில்லை. முப்பத்தெட்டு பாகை சாய்ந்து கிடக்கிறது. சாய்ந்ததால் சூடாக்கிக் குழாயில் எரிபொருள் ஏறவில்லை. நான்கு மணி நேரத்தில் எல்லாம் உறைந்துவிடும். நிமிர்த்துகிற கட்டளை ஒன்று உண்டு. அது அங்கே போய்ச் சேர நாற்பத்து மூன்று நிமிடம். நான் கணக்குப் போட்டேன். பன்னிரண்டு இருபத்தைந்துக்குள் அனுப்பியாக வேண்டும்.

ரெஜினா மேடத்திடம் ஓடினேன். ஆனால் வாய் நேராக வரவில்லை.

“மேடம், ஆம்பல் சரியா நிக்குதான்னு எனக்கு ஒரு சந்தேகம். நிமிர்த்துற கட்டளையை ஒரு தடவை அனுப்பிப் பார்க்கலாமா?”

“என்ன விளையாடுறியா? நல்லா நிக்கிற கலத்துக்கு அந்தக் கட்டளை போனா கவுந்துரும். படம் பார்த்தோம்லா? நாலு காலும் ஊணி நிக்கி.”

“படம் தப்பா இருந்தா?”

“ஆதாரம் கொண்டா, அனுப்புவேன். சந்தேகத்துக்கெல்லாம் கட்டளைச் சாவியைத் திருப்ப முடியாது மக்கா.”

ஆதாரம் பதிவுப் பெட்டியில் இருக்கிறது. பெட்டியைத் திறந்தால் முதல் வரியிலேயே என் வீட்டு அழைப்பும் இருக்கிறது. இணைப்பைச் சொந்தத்துக்கு வெட்டியவனுக்கு நிலைய விதி ஒன்றே ஒன்று: திரும்பிப் போகிற நாள்வரை வீட்டோடு பேச்சு கிடையாது. மாதம் நாற்பது சொற்களில் ஒரு கடிதம், அவ்வளவுதான். அடுத்த கப்பல் வரப் பதினான்கு மாதம். பதினான்கு மாதம் நான் கூப்பிடாவிட்டால் அந்தக் கால்கள் என்ன ஆகும்? ரத்தத்தோடு கிடந்தபோது சிரித்தவன் நான்தான் என்று அவள் நம்பிக்கொண்டே வளர்வாளா?

கழிவறையில் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்தேன். பேசாமல் இருந்தால் என்ன? ஆம்பல் உறைந்து போகும். இரண்டு மணிக்கு அது பேசாது. குளிர் தாங்கவில்லை என்று எழுதி முடித்துவிடுவார்கள். யாரும் என்னைக் கேட்கமாட்டார்கள். ஒன்பது நாள் கழித்து வீட்டுக்குக் கூப்பிட்டு நான் இல்லை அம்மா, நான் இல்லை என்று பவுனுவிடம் அழுதுகொள்ளலாம். எத்தனை தடவை கூட்டிக் கழித்தாலும் பேசாமல் இருப்பதுதான் சரி என்று வந்தது.

வெளியே உணவு மேசையில் தலைமையகத்தின் கொண்டாட்டம் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. ஆம்பல் இறங்குகிற படத்தைத் திரும்பத் திரும்பப் போட்டார்கள். ஒவ்வொரு தடவையும் எல்லோரும் எழுந்து நின்று கை தட்டினார்கள். அங்கே அது முகம் குப்புறக் கிடக்கிறது, இங்கே கை தட்டுகிறார்கள். மூன்றாவது தடவை கேட்டபோது என்னால் முடியவில்லை. கவுன் எல்லாம் ரத்தத்தோடு பவுனு தரையிலிருந்து ஏறிட்டுப் பார்க்கிறாள், நான் கை தட்டிக்கொண்டே இருக்கிறேன். அந்தச் சத்தத்தை நிறுத்தினால் போதும் என்று ஆகிவிட்டது.

பன்னிரண்டு மணி எட்டு நிமிடத்துக்குப் பதிவுப் பெட்டியைக் கொண்டுபோய் மேடத்தின் முன்னால் வைத்து, பவுனு விழுந்ததையும் சொன்னேன். அவர் முதல் வரியைப் படித்தார், அப்புறம் முப்பத்தெட்டு பாகையைப் படித்தார். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். “உன் பிள்ளைக்கு இப்ப எப்படி இருக்கு?” என்றார்.

“தெரியல மேடம். தையல் போடப் போயிருக்காங்க. ஒரே ஒரு தடவை பேச விடுங்க. கை தட்டுனது நான் இல்லன்னு மட்டும் சொல்லிக்கிறேன்.”

“விட்டா நாளைக்கு நைனாருக்கும் விடணும், எனக்கும் விடணும். முடியாது, வேலாயுதம்.” சாவியைத் திருப்பும்போது அவர் கண் கலங்கியிருந்தது. மணி பன்னிரண்டு பத்தொன்பது.

ஒன்று நாற்பத்தைந்துக்கு ஆம்பலிடமிருந்து பதில் வந்தது. சாய்வு நான்கு பாகை. எரிபொருள் ஏறிக்கொண்டிருக்கிறது. நைனார் என் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றார். யாரும் கேசரியை எடுத்துவரவில்லை.

பூமியில் ஒருவருக்கும் எதுவும் தெரியாது. ‘சிறு திருத்தம் செய்யப்பட்டது’ என்று ஒரு வரி அறிக்கை, அத்தோடு சரி. இன்றைக்கும் பள்ளிப் பாடப் புத்தகத்தில் இருப்பது நிரப்பி வரைந்த படம்தான், நான்கு காலும் ஊன்றி நிற்கிற படம்.

முதல் மாதத்துக் கடிதத்தை எழுத எனக்கு இரண்டு நாள் ஆனது. நாற்பது சொல்லில் ஒரு மனிதன் எத்தனை மன்னிப்புக் கேட்க முடியும்? ‘அன்று கை தட்டியது நான் இல்லை தங்கம், நிரப்பி. அவள் விழுந்தது எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் சிரித்திருப்பேனா? இனி பதினான்கு மாதம் பேச முடியாது. அவளை எப்படியாவது நடக்க வை.’ மீதிச் சொற்களில் உதடு ஆறிவிட்டதா என்று கேட்டேன்.

பதில் வந்தது. ‘உதடு ஆறிருச்சு. நீங்க இல்லாம காலைத் தூக்கவே மாட்டேன்னுட்டா. நாலாம் நாள் அப்பா போட்ட துண்டை எடுத்தேன். அன்னைக்கு நான் கட் பண்ணவே இல்லை. உள்ளே நீங்க கூப்பிட்டுக்கிட்டே இருந்தீங்க. பார்த்ததும் எந்திரிச்சு நடந்தா. இனிமே எப்படி நிறுத்த?’

நான் என் பக்கம் துண்டித்த பிறகும், நிஜம் வராததால், நிரப்பி என்னை வரைந்துகொண்டே இருந்திருக்கிறது. நிறுத்தச் சொல்லித்தான் எழுத வேண்டும் என்று உட்கார்ந்தேன். நாற்பது சொற்களையும் அடித்துவிட்டு, ‘நிறுத்தாதே’ என்று ஒரே ஒரு சொல் அனுப்பினேன். அப்புறம் மாதாமாதம் செய்தி வந்தது. வாசல்வரை நடக்கிறாள். மாடிப்படி ஏறுகிறாள். விழுந்தால் அழுவதே இல்லை. படித்துவிட்டுச் சந்தோஷப்படுவேன், உடனே அந்தத் திரையில் இருப்பவனை நினைத்துப் பற்களைக் கடித்துக்கொள்வேன்.

பதினான்கு மாதம் கழித்துப் பூமிக்கு வந்தேன். நிலவில் இரண்டரை வருடத்துக்கு மேல் இருந்தவனுக்குப் பூமியில் நிற்பதே பெரிய காரியம். ஆறு வாரம் ஆஸ்பத்திரியில் வைத்திருந்து, கையில் வாக்கரைக் கொடுத்து அனுப்பினார்கள்.

கோவில்பட்டி வீட்டுக் கூடத்தில் திரை ஓடிக்கொண்டிருந்தது. அதில் நரை இல்லாத நான் இருந்தேன். அதற்கு முன்னால் பவுனு, இரண்டே முக்கால் வயது, கீழுதட்டில் ஒரு கோடு மாதிரித் தழும்பு.

“பவுனு, அப்பா வந்திருக்காரு பாரு” என்றாள் தங்கமாரி.

பவுனு என்னைப் பார்த்தாள், திரையைப் பார்த்தாள், மறுபடி என்னைப் பார்த்தாள். நகரவில்லை. நான் வாக்கரை ஓரமாகத் தள்ளினேன். கைகளை விரித்துக் கூப்பிட வேண்டும் என்றுதான் நினைத்தேன், திரையில் இருந்தவன் அதையே செய்துகொண்டிருந்தான். நானே போய்விடலாம் என்று காலை எடுத்து வைத்தேன். ஒன்று. இரண்டு. மூன்று. நாலாவது அடியில் முழங்கால் மடங்கியது. சோபாக் கட்டையில் முகம் இடித்துத் தரையில் விழுந்தேன். வாயில் உப்புக் கரித்தது.

“ஐயோ, ஏங்க!” என்று தங்கமாரி ஓடிவந்தாள்.

தலையைத் தூக்கிப் பார்த்தேன். பவுனு எழுந்து மூன்று முழம் தள்ளி எனக்கு நேராக நின்றுகொண்டிருந்தாள். முகத்தில் பயமே இல்லை. என் வாயில் வழிந்த ரத்தத்தைப் பார்த்தபடியே இரண்டு கைகளையும் அகல விரித்தாள்.

“வா... வா... அப்பா இருக்கேன்ல” என்றாள். பிறகு வாய் நிறையச் சிரித்துக்கொண்டு கை தட்டினாள். “அவ்ளோதான், வந்துத்த!”

தங்கமாரி வாயில் கையை வைத்துக்கொண்டு அப்படியே நின்றுவிட்டாள். எழுந்து நிற்க எனக்குக் கால் ஒத்துழைக்கவில்லை. பவுனு தட்டிக்கொண்டே இருந்தாள். நான் தவழ்ந்து போனேன்.